அய்யா சொல்லாமல் விட்ட வரி

கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று எடுத்த நம் புதுநன்மைப் படத்தை நீங்கள் குழுவில் போட்ட நாளிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, வெள்ளைக் கவுனும் காகிதப்பூ முடியுமாக வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பவள் நான்தான். பின்வரிசைப் பையன்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று எழுதினீர்கள். சிஸ்டரின் குரல், கோவில் வாசலில் கொடுத்த இனிப்பு ரொட்டி, இரவல் செருப்பு கடித்த புண் எல்லாம் வந்தது. ஒருத்தி மட்டும், அந்த வருசம் உன் அய்யாவைப் பற்றி ஊரில் ஏதோ பேசினார்களே, அது என்ன என்று கேட்டிருந்தாள். விரலால் தட்டி இரண்டு வரியில் முடிக்கிற விசயம் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது சொன்னால் வருத்தப்பட யாரும் இல்லை.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். கடற்கரை வரிசையில் கோவிலிலிருந்து ஏழாவது. உள்ளே சுவரில் பலகை அடித்து மாதா படம் வைத்திருந்தோம். படத்துக்குப் பின்னால் போன வருசத்துக் குருத்தோலைச் சிலுவை காய்ந்து பழுத்துச் செருகியிருக்கும். பொழுது சாய்ந்ததும் அம்மா விளக்கை ஏற்றிப் பாயை விரித்துவிடுவாள். கருவாட்டு வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்த அந்த அறையில்தான் நான் செபம் படித்தேன். இன்றைக்கும் ஏதாவது பெரிய கோவிலில் ஊதுபத்தி மணத்தில் முழங்கால் போட்டால் எனக்குப் பக்தி வருவதில்லை.

கோவில் வேறு, பிழைப்பு வேறு என்று எங்கள் வீட்டில் பிரித்துப் பார்த்ததில்லை. அம்மா உலையில் அரிசி போடுமுன் அரிசியின் மேல் சிலுவை போடுவாள். அய்யா வள்ளத்தில் கால் வைக்குமுன் கடல் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை கறி தின்னக் கூடாது என்பது சட்டம். நமக்குக் கறி ஏது, மீன்தானே. சட்டம் நம்மைத் தொடவே இல்லை என்று அம்மாவுக்கு ஒரு குறை. அதனால் அவள் தானாகவே வெள்ளிக்கிழமை மீனையும் நிறுத்திவிடுவாள். கஞ்சியும் பருப்புத் துவையலும்தான். அய்யா முணுமுணுக்காமல் குடிப்பார்.

செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து; முதல் பத்து அய்யாவுடையது. மற்ற பத்துகளை அம்மாவும் அண்ணனும் நானும் மாற்றி மாற்றிச் சொல்ல, பாக்கிப் பேர் சேர்ந்து பதில் சொல்வோம். அய்யாவுக்குக் கனத்த குரல். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும். எங்கள் பதிலெல்லாம் அந்தக் குரலில் ஏறி உட்கார்ந்துகொண்டு போகும்.

நம் புதுநன்மை வருசத்துத் தவக்காலத்துக்கு ஆறு மாதம் முன்னால்தான் அண்ணனுக்குக் கால் போயிருந்தது.

அண்ணன் அப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை முடிகிறவரை வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது என்று அய்யா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆவணியில் அய்யா ஒரு வாரம் பாம்பன் பக்கம் வேலைக்குப் போனார். அந்த வாரம் அண்ணன் சின்னையாவோடு கடலுக்குப் போனான். சின்னையா என்றால் அய்யாவின் ஒரே தம்பி. எங்களுக்குப் பத்து வீடு தள்ளிக் குடியிருந்தார். வலையைத் தட்டும்போது திருக்கை மீனின் முள் அண்ணனின் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சின்னையா முள்ளைப் பிடுங்கிப் புகையிலை வைத்துக் கட்டினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சிப்பி கிழித்துவிட்டது என்று அண்ணன் சொன்னான். அம்மா மஞ்சள் பத்துப் போட்டாள். அய்யா திரும்பி வந்தபோது கால் முழங்கால்வரை வீங்கிக் கறுத்திருந்தது. இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே இருந்ததாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மதுரைக்கு வந்து நின்ற சின்னையாவிடம் அய்யா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். நீதான் கூட்டிக்கொண்டு போனாயா, திருக்கை குத்தியது உனக்குத் தெரியுமா என்று. ஆமாம் என்றாராம் சின்னையா. அவ்வளவுதான். அதற்கப்புறம் சின்னையா எங்கள் வாசல் மிதிக்கவில்லை. கூலி ஆள் கிடைக்காமல் என் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனான், போய் மறைத்தும் விட்டான் என்று அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் அழுதாள். அய்யா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அய்யாவின் செபத்தில் நடந்த மாற்றத்தை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர் வெளியாள். கமுதிப் பக்கத்திலிருந்து மாதம் ஒரு தடவை மிளகாய் மூட்டையோடு வந்து கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு போகிற, வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர், உங்களுக்கும் நினைவிருக்கும், காதில் கடுக்கன் போட்டிருப்பார். செபம் நடக்கிற நேரத்துக்கு வந்துவிட்டால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்பார். அவர் கும்பிடுகிற சாமி அவர் ஊர் அம்மன். ஆனாலும் முடிகிறவரை நிற்பார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் கழிந்த ஒரு நாள், முடிந்ததும் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“ஏந்தாயி, உங்க அய்யா நடுவுல ஒரு எடத்துல மட்டும் வாய மூடிக்கிறாகளே, ஏன்? முன்னெல்லாம் அப்படி இல்லையே.”

எனக்குத் தெரியவில்லை என்றேன். மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் சொல்கிற, இயேசு கற்றுக்கொடுத்த செபத்தில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வருமே, அங்கே அய்யாவின் குரல் இல்லை. அம்மாவின் குரல் இருந்தது, அண்ணனின் குரல் கொஞ்சம் இருந்தது. அடுத்த வரியில் அய்யா திரும்பச் சேர்ந்துகொண்டார். அவர் பதில் சொல்கிற நாலு பத்திலும் அப்படித்தான். இருட்டில் படியில் கால் வைக்கும்போது ஒரு படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர், மன்னிக்காத மனசோடு நன்மை வாங்கலாமா என்று கேட்டார். கூடாது சிஸ்டர் என்று கத்தினோம். செபத்தில் எந்த வரி மன்னிப்பைப் பற்றியது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு எழுந்து சொன்னேன். சிஸ்டர் பாராட்டினார். பாராட்டியதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் பாராட்டு வேண்டியிருந்தது எனக்கு.

“எங்க அய்யா அந்த வரிய மட்டும் சொல்ல மாட்டாக சிஸ்டர்” என்றேன்.

யாரோ சிரித்தீர்கள். யார் என்று இப்போது கேட்கவில்லை. சிஸ்டர் சிரிக்கவில்லை. அய்யா ஏன் நன்மை வாங்கப் போவதில்லை, ஏன் கோவிலுக்கு வெளியே மணலில் நின்று பூசை பார்க்கிறார் என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. நான் சொன்னதோடு அதற்கு வடிவம் கிடைத்துவிட்டது. கல் மனசுக்காரர், செபத்தையே திருத்துகிறவர் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா தண்ணீர்க் குழாயடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து, பிள்ளை புதுநன்மை வாங்குகிற வருசத்தில் இப்படிப் பேர் வாங்கித் தருகிறீர்களே என்று அய்யாவிடம் அழுதாள்.

நான் செய்ததை நானே அய்யாவிடம் சொன்னேன். அடி விழும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் நண்டு வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், “நீ சொன்னது பொய்யில்லையே” என்றார். பிறகு பாசியை எடுத்துப் போடச் சொல்லி எனக்கும் ஒரு முனையைக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வருகிற குருத்தோலை ஞாயிறு, அதற்கு முந்திய சனிக்கிழமை கோவில் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வயதான சாமியார் இல்லை. ஊருக்கு வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழன் அன்று சாமியார் பாதம் கழுவுகிற பூசைக்குப் பன்னிரண்டு ஆண்கள் உட்கார வேண்டும். அய்யா வருசா வருசம் உட்காருகிறவர். இந்த வருசமும் பெயர் எழுதியிருக்கிறேன் என்று சாமியார் சொன்னார். அடித்துவிடுங்கள் சாமி என்றார் அய்யா. அதன்பின் சாமியார் சுற்றிவளைக்காமல், அந்த ஒரு வரியைச் சொல்வதில் என்ன கஷ்டம், சொல்லச் சொல்ல மனசு தானாக வந்துவிடுமே என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அண்ணன் உள்ளறைக் கட்டிலில் புத்தகத்தோடு இருந்தான்.

அய்யா சாமியாருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

“அது கேக்குற வரி சாமி. வெறும் பாட்டு இல்ல. எந்தம்பிய நான் எப்படி மன்னிக்கிறேனோ அப்படியே என்னையும் மன்னியும்னு நானே கேக்குறேன். அவரு அதக் கேட்டு, சரின்னு அப்படியே செஞ்சுட்டாருன்னா என் கதி என்ன? வாய்க்கு வந்துரும். எனக்குப் பயமா இருக்கு.”

சாமியார் அம்மா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். எழுந்து போகும்போது அய்யாவின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். பெயரை அடிப்பதாகவும் சொல்லவில்லை, அடிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஊரே அய்யாவை நம்பிக்கை விட்டவர் என்று நினைத்தது. நானும்தான் நினைத்தேன். அந்த வரியை நாள் தவறாமல் நாலு தடவை உரக்கச் சொல்லிவிட்டு, தெருவில் சின்னையா எதிரே வந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போன அம்மாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. சின்னையா வீட்டுப் பிள்ளைகளோடு பேசக் கூடாது என்று நானும்தான் இருந்தேன். அந்த வீட்டில் அந்தச் செபத்தை அய்யா ஒருத்தர்தான் காது கொடுத்துக் கேட்டார் என்று எனக்குப் புரிய வெகு காலம் பிடித்தது.

அய்யா பேசியதை உள்ளறையிலிருந்து அண்ணனும் கேட்டான். அன்றைக்கு ராத்திரிச் சோறு வேண்டாம் என்றான். பரீட்சை முடிந்திருந்தது; நன்றாக எழுதியதாகத்தான் சொல்லியிருந்தான். இரண்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை கட்டையை ஊன்றிக்கொண்டு கோவிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றவர்களின் வரிசையில் கடைசியாக நின்றான். உள்ளே என்ன பேச்சு என்று நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வெளியே வந்ததும் அவன் பீடத்தின் முன்னால் முழங்கால் போட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பாவத்துக்குப் பரிகாரமாக என்ன அபராதம் கொடுத்தார், செபமாலையில் எத்தனை மணி சொல்லச் சொன்னார் என்று கேட்டேன். செபம் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை என்றான்.

பெரிய வியாழன் காலை. அய்யா வாசலில் வலையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலிலிருந்து பாசி அழுகிய வாடை அடித்துக்கொண்டிருந்தது, காற்றே இல்லை. அண்ணன் வந்து அவர் முன்னால் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அய்யா, சின்னையா என்னைய இழுத்துட்டுப் போகல. நாந்தான் போயி, அய்யா போகச் சொல்லிட்டாகன்னு பொய் சொன்னேன். முள்ளு குத்துனதும் உங்ககிட்டயும் அம்மாகிட்டயும் சொல்ல வேணாம்னு அவரு கையப் பிடிச்சுக் கும்பிட்டேன். நீங்க அடிப்பீகன்னு பயம். சின்னையா ஆஸ்பத்திரிக்குப் போவோம் போவோம்னு ரெண்டு நாள் வந்து கூப்பிட்டாரு. நாந்தான் சரியாப்போச்சுன்னு சொன்னேன்.”

கையிலிருந்த வலை ஊசியை அய்யா கீழே வைத்தார். அண்ணனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். “உக்காரு, கால் வலிக்கும்” என்றார். பிறகு எழுந்து உள்ளே போய் முகம் கழுவி, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாறிப் போட்டிருந்தார். தெருவில் இறங்கி வடக்கே நடந்தார். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து, பின்னாலேயே போ என்று கையைக் காட்டினாள்.

சின்னையா அவர் வீட்டுப் பூவரச மரத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அய்யாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். 

“ஏன்டா சொல்லல?” என்றார் அய்யா.

எதை என்று சின்னையா கேட்கவில்லை. “சின்னப்பய, கும்பிட்டாண்ணே” என்றார்.

“கால் போனப்பறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல.”

“காலும் போயி கெடக்குறான். அவன்கிட்டருந்து அய்யாவையும் பிடுங்கச் சொல்றீகளா?” சின்னையா வலையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். “உங்களுக்கு எம்மேல கோவம் இருந்தா எனக்குத் தாங்கும். அவனுக்குத் தாங்குமா? அதோட, முள்ளு முழுசா வந்திருச்சுன்னு நெனச்சது நாந்தானே. அது எந்தப்புத்தான்.”

அய்யா மணலில் உட்கார்ந்துவிட்டார்.  அவருடைய தோள் குலுங்குவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. “என்னைய மன்னிச்சிருடா” என்றார். மூத்தவர் இளையவரிடம் அப்படிக் கேட்டு நான் கேட்டதே கிடையாது. ஏழு மாதமாக அவர் தம்பிக்கு மன்னிப்புக் கொடுக்க முடியாமல்தான் தவித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்க வேண்டியவராக அவரே இருந்தார்.

சின்னையா பதில் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. சின்னம்மா உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது, வலையின் ஒரு முனை அய்யா மடியில் கிடந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து கேட்டாள். எல்லாம் கேட்டபின், “மஞ்சள வச்சுக் கட்டுனது நாந்தானே” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது ஏன் என்று அப்போது விளங்கவில்லை. சின்னையா மேல் கோபம் இருந்தவரை அவளுக்குத் தன் கையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்திருக்கிறது.

அன்று மாலை பூசையில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பதினொன்றில் ஆள் இருந்தது. அய்யா ஏழு மாதத்துக்குப் பிறகு கோவிலுக்குள் நின்றார். சாமியார் அவரைப் பார்த்தார். அய்யா பக்கத்தில் நின்ற சின்னையாவின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினார். சின்னையா கூச்சத்தோடு போய் உட்கார்ந்து காலை நீட்டினார். வள்ளத்துக்குப் பூசிய தார் குதிகாலில் ஒட்டியிருந்தது. சாமியார் தண்ணீர் ஊற்றித் துடைத்தும் அது போகவில்லை. சில பேர் சிரித்தார்கள், சாமியாரும் சிரித்தார். அம்மா பெண்கள் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். சின்னையா உட்கார்ந்திருந்த பக்கம் அவள் முகம் திரும்பவில்லை.

பெரிய வெள்ளி போயிற்று. துக்க நாள் என்பதால் கோவில் மணி அடிக்காமல் மரச்சட்டத்தைத் தட்டி ஊரைக் கூப்பிட்டார்கள். ஈஸ்டர் வந்தது. சின்னையா வீட்டுப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அய்யாவும் சின்னையாவும் பேசிக்கொண்டார்கள். அம்மா பரிமாறினாள், சின்னையா இலைக்கு வரும்போது கரண்டியை மட்டும் நீட்டினாள், ஒரு வார்த்தை இல்லை. அவர் போதும் என்று கையைக் காட்டினார். நம்மில் சிலர் நினைப்பது போல ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் அய்யா அண்ணனை எழுப்பினார். “ஏலே, கடலுக்கு வாரியா?” என்று கேட்டார். அண்ணன் தூக்கக் கலக்கத்தில் தன்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தான். அய்யா ஒரு பக்கமும் சின்னையா ஒரு பக்கமுமாக அவனைத் தூக்கி வள்ளத்தின் நடுவில் உட்காரவைத்தார்கள். அவனுடைய ஊன்றுகட்டையைக் கரையில் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அது என் உயரம் இருந்தது. கடல் தகடு மாதிரிக் கிடந்தது. அம்மா கரையில் நிற்க முடியாமல் உள்ளே போவதும், உள்ளே இருக்க முடியாமல் கரைக்கு வருவதுமாக இருந்தாள்.

உச்சி வெயிலுக்கு முன்பே திரும்பினார்கள். அண்ணன் முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அவன் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தால் வள்ளம் நிறைய மீன் என்று தோன்றும். பெட்டியில் ஒன்றும் இல்லை. நாலைந்து சின்ன நண்டும், காலில் மிதிபட்ட ஒரு கெளுத்தியும்தான். அண்ணனை இறக்கியதும் அம்மா அவனுடைய நல்ல காலைக் குனிந்து தடவிப் பார்த்தாள். கீறல் ஏதும் இல்லை. நிமிர்ந்து காலிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்ற சின்னையாவைப் பார்த்தாள்.

“கொழம்புக்குக்கூட ஒண்ணும் ஆப்புடலையா தம்பி?” என்றாள்.

ஆவணிக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. சின்னையா குனிந்து இரண்டு கையாலும் கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார், ஒரு தடவை, இன்னொரு தடவை, மறுபடியும். பிறகு முகத்தைத் துடைக்காமலே சொன்னார்.

“நாளைக்குக் கொண்டாரேன் மதினி.”